பழைய மெயில் தானாகப் பின்னால் வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெயில் நிறுவனத்தை மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். 'பழைய மெயில்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை பத்திரமாக இருக்கும்' என்று அதில் ஒரு வரி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கவலைப்படாமல் இருந்து எல்லாவற்றையும் பறிகொடுத்தவன் நான்.

எங்கள் காய்கறிக் கடைக்கு இன்டர்நெட் கொடுத்த நிறுவனமே ஒரு மெயில் முகவரியும் கொடுத்திருந்தது. பதினோரு வருடம் புனலூர், கொல்லம் வியாபாரிகளின் கணக்கெல்லாம் அதில்தான் வந்தது. ஷார்ஜாவில் இருந்த என் அண்ணனும் அதற்குத்தான் எழுதுவார், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து. 'மூட்டுவலி எண்ணெய் கொடுத்துவிட்டிருக்கேன், கண்ணாடிப் பாட்டில், அம்மாவைத் தூக்க விடாதே' என்று எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அண்ணன் இப்போது இல்லை.

போன வருடம் இணைப்பை மாற்றினோம். வந்த பையன் கம்ப்யூட்டரில் பழைய கணக்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்தார். 'அண்ணன்' என்று நான் பெயர் வைத்திருந்த ஃபோல்டரைக் காணோம். திரையில் தெரிந்ததால் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அது ஐமேப் கணக்காம். மெயில் இருப்பது அவர்கள் சர்வரில், நாம் பார்ப்பது அதன் நகல், கணக்கை எடுத்தால் நகலும் போய்விடும். பழைய நிறுவனத்துக்குப் ஃபோன் போட்டால், இணைப்பு ரத்தானதுமே பெட்டியை அழித்துவிட்டோம் என்றார்கள்.

கணக்கை மூடும் முன் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கும் தண்டர்பேர்டு என்ற மென்பொருளில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இருக்கிறது. அதற்குள் காப்பி செய்தால் மெயில் நம் கம்ப்யூட்டரிலேயே தங்கும். ஜிமெயில் என்றால், நம் தகவல்களை இறக்கிக்கொள்ளக் கூகுளே தரும் 'டேக்அவுட்' வசதி வழியாக, பல மெயில்களை ஒன்றாக வைக்கும் எம்பாக்ஸ் கோப்பாக மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் வெளியே ஒரு டிரைவில் இன்னொரு நகல். நாலு பழைய மெயிலைத் திறந்து, கூட வந்த படங்களும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பழைய கணக்கில் கை வைக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாதா? இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிப்போம் என்று கூகுள் 2023-லேயே சொல்லிவிட்டதே, அதற்கும் ஒரு வரி இல்லை.

செங்கோட்டைக்காரனுக்கு இது அதிகமாகவே வலிக்கும். 1956 நவம்பர் 1-ல்தான் எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தாத்தாவின் வயல் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். அதையும் தீர்வை ரசீதுகளையும் தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். பின்னாளில் வரப்புத் தகராறு வந்தபோது அந்தப் பெட்டிதான் எங்களைக் காப்பாற்றியது. அவர் பேரன் நான், பதினோரு வருடக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். தென்காசி மாவட்டம் 2019-ல் வந்துவிட்டது. எனக்கு வரும் இதழில் இன்றும் திருநெல்வேலி மாவட்டம் என்றே ஒட்டியிருக்கிறது. மூன்று முறை எழுதினேன். அதில் இரண்டு மெயில் திரும்பி வந்தன, நீங்களே மெயில் முகவரியை மாற்றியிருக்கிறீர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. இருபது வருடச் சந்தாதாரருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், 'கணக்கை மூடும் முன் நகல் எடுங்கள்' என்று எப்படி எடுப்பது என்பதோடு நாலு வரி போடுங்கள். உங்கள் புதிய மெயில் முகவரியையும் போடுங்கள். அது தெரியாததால் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.