முகாமில் படகு கவிழ்ந்தது குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற சனிக்கிழமை மாலை, நம் பள்ளி முகாமுக்குப் போன பெண் பிள்ளை ஒன்று கடலில் விழுந்துவிட்டது என்று ஊருக்குள் பேச்சுக் கிளம்பியிருக்கிறது. இரவு எட்டு மணிக்குள் அது இரண்டு பிள்ளைகள் என்று வளர்ந்துவிட்டதாகவும் பிறகு அறிந்தேன். அன்றிரவு எனக்கு வந்த அழைப்புகள் எல்லாவற்றையும் என்னால் எடுக்க முடியவில்லை. மனம் பதறிக் காத்திருந்த ஒவ்வொரு வீட்டிற்கும் நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டியது என் கடமை. அதற்காகவே இந்தக் கடிதம். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பிள்ளைகள் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். போன 38 பிள்ளைகளும் நலமாகத் திரும்பிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு உள்ளங்கையில் கீறல். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகு விடுவதுதான் சனிக்கிழமையின் பயிற்சி. நானும் மூன்று ஆசிரியர்களும் உடன் இருந்தோம். பிள்ளைகள் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தார்கள். இடுப்பு வார் இறுக்கமாக இருக்கிறதா என்று வழிகாட்டிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இழுத்துப் பார்த்த பிறகே படகில் ஏற்றினார்கள். படகுக்கு இரண்டு பேர். கால்வாயில் தண்ணீர் ஆழமான இடத்திலும் பிள்ளைகளின் மார்பளவுதான். அலை என்று எதுவும் கிடையாது. அலையை ஆற்றுவதால்தானே அந்த மரத்துக்கு அலையாத்தி என்று பெயர்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தோழியுடன் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றாலும் கடிதத்தில் வேண்டாம் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டார். வளைவு ஒன்றில் படகு ஓரமாக ஒதுங்கி மரத்தை நோக்கிப் போனது. மோதிவிடும் என்று பயந்து அவள் தாழ்ந்திருந்த கிளையைக் கையால் பிடித்துக்கொண்டாள். நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போக, கிளையைப் பிடித்த உடம்பு அங்கேயே நின்றது. படகு கவிழ்ந்தது. இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

பின்னால் பத்தடி தூரத்தில் இன்னொரு படகில் நான் இருந்தேன். லைஃப் ஜாக்கெட் இருவரையும் உடனே மேலே தூக்கிவிட்டது. தோழி கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளை எழுந்து நிற்க முயன்றாள், கால் சேற்றில் புதைந்துவிட்டது. அலையாத்திச் சேறு நம் வயல் சேறு போன்றதில்லை. காலை நேராக மேலே இழுக்க இழுக்க இன்னும் இறுகும். வழிகாட்டி பதறாமல், "மல்லாந்து படுத்துக்கொள் அம்மா, வானத்தைப் பார், காலை மெதுவாக ஆட்டு" என்றார். அவள் படுத்தாள். ஜாக்கெட் தாங்கியது. கால் தானாகக் கழன்று வந்தது. வலது கால் செருப்பு மட்டும் சேற்றோடு போய்விட்டது. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எனக்கு அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று பிள்ளை பெற்ற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மரங்களின் வேர்களில் சிப்பி ஒட்டியிருக்கும், ஓரம் கத்தி போல இருக்கும். விழும்போது கையை ஊன்றியதில் உள்ளங்கையில் கீறியிருந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் டெட்டனஸ் ஊசி போட்டோம். தையல் தேவைப்படவில்லை.

இதில் என் தவறு ஒன்று இருக்கிறது. படகு கவிழ்ந்தது மாலை நான்கு மணி அளவில். அவள் அம்மாவுக்கு நான் தொலைபேசியில் சொன்னது ஆறரை மணிக்கு. மருத்துவர் பார்த்துவிட்டு நல்ல சேதியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் வேறொரு பிள்ளையின் கைபேசி வழியாக அரைகுறைச் சேதி ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைக்குச் சிறு கீறல் என்றாலும் பெற்றவள் காதுக்குத்தான் முதலில் போக வேண்டும். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் எல்லோரிடமும் இங்கே கேட்டுக்கொள்கிறேன். இனி எந்த வெளிப்பயணத்திலும், எதுவும் நடக்காவிட்டாலும்கூட, காலையும் மாலையும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிற்கும் சேதி சொல்வார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் கடிதத்தை இங்கே முடித்தால் அந்தப் பிள்ளைக்கு நான் அநியாயம் செய்தவள் ஆவேன். விழுந்ததை மட்டும் ஊர் பேசுகிறது. அதற்குப் பிறகு அவள் செய்ததை யாரும் பேசவில்லை.

ஊசி போட்டுத் திரும்பியதும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சற்று நேரம் கழித்து என்னிடம் வந்து, "டீச்சர், நாளைக் காலையில் எனக்குப் படகு உண்டா?" என்று கேட்டாள். கையில் கட்டோடு எப்படித் துடுப்புப் பிடிப்பாய் என்றேன். முன்னால் சும்மா உட்கார்ந்து வருகிறேன் என்றாள். மறுநாள் காலை வழிகாட்டியின் படகில் முன்னிருக்கையில் அவளை உட்கார வைத்தோம். நேற்று விழுந்த வளைவு வந்ததும் தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். கிளை முகத்தருகே வந்தது, தலையைக் குனிந்தாள், படகு கடந்து போனது. திரும்பி என்னைப் பார்த்தாளே, அந்த முகத்தை அவள் அம்மா பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் அவள் வாய் ஓயவில்லை. அலையாத்தி இலையைப் பறித்து நக்கிப் பார்த்தாள். உப்பு கரித்தது. வேர் உறிஞ்சும் உப்பில் மிஞ்சியதை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது, வெயிலில் அது இலைமேல் பொடியாகப் பூத்துக் கிடக்கும் என்று வழிகாட்டி விளக்கினார். சேற்றுக்குமேல் பென்சில் நட்டு வைத்ததுபோல் ஆயிரக்கணக்கில் நிற்கிறதே, அது என்ன என்று கேட்டாள். மூச்சுவேர் என்றார். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. இந்தப் பாடத்தை நான் கரும்பலகையில் எத்தனையோ வருடம் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். நாக்கில் உப்புக் கரித்த பிள்ளைக்கு அது இனி மறக்காது.

மதியத்துக்குமேல் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் மிஞ்சிய தேவாலயச் சுவரையும் ரயில் நிலையத்தின் இடிபாட்டையும் பார்த்துவிட்டு, நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போனோம். அங்கே தண்ணீரில் கால் நனைக்க யாரையும் விடவில்லை. இடது பக்கம் பாக் நீரிணை குளம்போல் கிடந்தது. வலது பக்கம் மன்னார் வளைகுடா இரைந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில் இரண்டு கடலும் ஏன் இப்படி என்று உள்ளூர்ப் பிள்ளைகளே கேட்டார்கள். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். காரணம் தெரியாது. நான் வாயைத் திறக்குமுன் இவள் சொன்னாள்: "இப்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிறது. கச்சானில் தென்கடல் பொங்கும், வடகடல் படுத்துக் கிடக்கும். ஐப்பசிக்குமேல் வடக்கிலிருந்து வாடைக் காற்று வந்தால் மாறிவிடும். அப்போது இங்கே வந்து பாருங்கள், இந்தப் பெண்கடல் என்ன ஆட்டம் ஆடுகிறது என்று."

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அப்பாவும் தாத்தாவும் வலை கட்டும்போது பேசிக்கொள்வார்கள், கேட்டிருக்கிறேன் என்றாள். நீ எத்தனை தடவை கடலுக்குப் போயிருக்கிறாய் என்றேன். ஒரு தடவைகூட இல்லை. பதினான்கு வயது, வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல், வீட்டுக்குச் சொந்தமாக ஒரு வத்தை, மீன்பிடிக்கும் சிறு படகு. அவள் வாழ்க்கையில் ஏறிய முதல் படகு சனிக்கிழமை கவிழ்ந்த அந்தப் படகுதான். நீச்சலும் தெரியாது.

பெற்றோரே, இதைத்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன். 38 பேரில் பெண் பிள்ளைகள் 11 பேர்தான். பெயர் கொடுத்தவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். "பொட்டப்பிள்ளைக்குக் கடல் எதற்கு" என்று கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் அக்கறை இல்லாமல் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் இந்த ஊரில் அதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இந்தக் கரையில் கடலுக்குள் இறங்கும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிக் கடல்பாசி எடுத்து வருகிறீர்கள். அந்தப் பாசி விற்ற காசில்தான் இங்கே பாதிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் வருகிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவும் பாசிக்குப் போகிறவர்தான்.

அவரிடம் கேட்டேன், நீங்கள் இவ்வளவு நன்றாக நீந்துகிறீர்கள், மகளுக்கு ஏன் சொல்லித் தரவில்லை என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் படும் பாடு அவள் படக் கூடாது டீச்சர். நீச்சல் தெரிந்தால் பாசிக்கு வந்துவிடுவாள். தெரியாவிட்டால் படிப்பாள்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. அவர் கைகளைப் பார்த்தேன். பாறை கிழித்த வடுக்கள் விரல் நுனி எல்லாம்.

ஒன்று மட்டும் அவரிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். நீச்சல் தெரிந்ததால் எந்தப் பிள்ளையும் படிப்பை விட்டதில்லை. பணம் இல்லாததாலும், வீட்டு வேலை சுமந்ததாலும், சீக்கிரம் கல்யாணம் பேசியதாலும் விட்ட பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் நானே கோடு போட்டு அடித்திருக்கிறேன். கடலோரத்தில் வளரும் பிள்ளைக்குத் தண்ணீரில் மிதக்கத் தெரியாமல் இருப்பது பெரிய ஆபத்து. சனிக்கிழமை ஜாக்கெட் இருந்தது, வழிகாட்டி இருந்தார். எல்லா நாளும் இருக்க மாட்டார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். பாசி எடுக்கும் தாய்மாரில் நான்கைந்து பேர் முன்வந்தால், விடுமுறை நாள்களில் காலை ஒரு மணி நேரம், கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் பெண் பிள்ளைகளுக்கு மிதக்கவும் நீந்தவும் கற்றுத் தரலாம். கச்சான் ஓய்ந்து தென்கடல் அடங்கிய பிறகுதான் தொடங்குவோம். எந்த இடம், எந்த நேரம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், இந்தக் கடல் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நானும் இரண்டு ஆசிரியைகளும் கரையில் இருப்போம், ஜாக்கெட்டுகளுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். அந்தப் பிள்ளையின் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகளையும் அழைத்து வருவாராம்.

இதைப் பற்றிப் பேச வருகிற வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். முகாமைப் பற்றிக் கோபம் இருந்தாலும் வாருங்கள், என்னிடம் நேரில் சொல்லுங்கள். கடலுக்குப் போகும் தகப்பன்மார் முடிந்தால் அன்று சீக்கிரம் கரைக்கு வரப் பாருங்கள். அடுத்த முகாம் தை மாதத்துக்குப் பிறகு. விருப்பப் படிவம் கடிதத்தின் கீழே இருக்கிறது. அதைப் பிள்ளையிடம் கேட்டு, அவள் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடுங்கள்.

முகாம் பஸ்ஸில் விட்டுப்போன இரண்டு துண்டுகள், ஒரு சில்வர் டிபன் பாக்ஸ், நீல நிறத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று என் அறையில் இருக்கின்றன. இடது கால் செருப்பு ஒன்றும் இருக்கிறது. அதன் சொந்தக்காரி யாரென்று தெரியும், அவளே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை