பதிவகத் தரவுத்தளமும் ‘பதிவு எதுவும் இல்லை’ என்ற பொய்யும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையச் சேவை முடங்கினால் கேபிள் அறுந்தது, சர்வர் விழுந்தது, யாரோ தாக்கினார்கள் என்று மூன்று காரணங்களே பேசப்படுகின்றன. நான்காவதாக ஒன்றும் உண்டு. எந்த ஐபி முகவரி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று பதிந்து வைத்திருக்கும் தரவுத்தளத்தின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது நேரும் பிழைதான் அது. அந்த வேலை எப்படி நடக்க வேண்டும், எங்கே கெடுகிறது என்பதைத் தமிழ் வாசகர்கள் முன் வைக்கவே இந்தக் கடிதம்.

இந்த முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் வட்டாரப் பதிவகங்கள் உலகில் ஐந்து: ரைப் என்சிசி, ஏப்னிக், ஏரின், லாக்னிக், ஆஃப்ரினிக். இவற்றின் தரவுத்தளத்தில் மனிதர்கள் தேடுவது சொற்பம். விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பவை ஸ்கிரிப்ட்கள், அதாவது தானாக இயங்கும் சிறு நிரல்கள். இன்ன நெட்வொர்க் இன்ன முகவரித் தொகுதியை அறிவிக்கலாம் என்று சொல்லும் ‘ரூட்’ பதிவுகளை அவை எடுத்து, எந்த அறிவிப்பை ஏற்கலாம் என்று சொல்லும் ஃபில்டர் பட்டியலாக மாற்றி, போக்குவரத்தை வழிநடத்தும் ரவுட்டர்களில் ஏற்றுகின்றன. யார் படிக்கிறார்கள், எந்த வரியை நம்பியிருக்கிறார்கள் என்பது பதிவகத்துக்கே முழுமையாகத் தெரியாது. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதிகாலை 2 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட், ஹூஇஸ் எனும் கேள்வி-பதில் சேவைக்கான போர்ட் 43-இல் இணைந்து, ‘ஏஎஸ்64496 அறிவிக்கும் தொகுதிகள் எவை?’ என்று கேட்கிறது. ஏஎஸ் எண் என்பது ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண். அந்தப் பக்கம் இருக்கும் சர்வர் புதிய பதிப்புடன் அப்போதுதான் எழுந்திருக்கிறது. போர்ட் திறந்துவிட்டது, ஆனால் அட்டவணைகள் இன்னும் நினைவகத்தில் ஏறி முடியவில்லை. ‘பதிவு எதுவும் இல்லை’ என்று ஒரு வரி வருகிறது, இணைப்பு மூடிக்கொள்கிறது. ஸ்கிரிப்ட் அதை அப்படியே நம்பி வெற்றுப் பட்டியலை எழுதுகிறது. ரவுட்டர் அதை ஏற்றுக்கொண்டு, அந்த வாடிக்கையாளர் அறிவிக்கும் எல்லாத் தொகுதிகளையும் மறுத்துவிடுகிறது. இத்தனைக்கும் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை.

இதற்கு மூலகாரணம் அந்தப் பழைய நெறிமுறையே. ஹூஇஸ் பற்றிய 2004-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3912 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்வது இவ்வளவுதான்: ஒரு வரிக் கேள்வி, உரையாகப் பதில், பிறகு இணைப்பு துண்டிப்பு. ‘இல்லை’ என்பதற்கும் ‘இப்போது சொல்ல முடியவில்லை’ என்பதற்கும் தனித்தனிக் குறியீடு அதில் கிடையாது. எழுத்துக் குறியாக்கம் எது என்று சொல்லவும் வழியில்லை. அதனால்தான் லத்தீன்-1 என்ற பழைய குறியாக்கத்திலிருந்து எல்லா மொழிகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8-க்கு மாறுவதுகூட அங்கே ஆபத்தான காரியம்: ஒரு பைட்டாக இருந்த é போன்ற எழுத்து இரண்டு பைட்டாகிவிடும். லத்தீன்-1-இல் தமிழ் எழுத்து ஏறவே ஏறாது என்பது வேறு வருத்தம். ஹூஇஸுக்குப் பதிலாக வந்த ஆர்டிஏபி என்ற நெறிமுறை, வலைத்தளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி வழியாகப் பேசுகிறது. பதிவு இல்லையென்றால் 404, சேவை தற்காலிகமாக இல்லையென்றால் 503, அளவுக்கு மீறிக் கேட்டால் 429. இந்த மூன்று எண்கள் தரும் பாதுகாப்பு சாதாரணமானதல்ல.

ஆகவே புதிய பதிப்பை ஏற்றும் முறையில் நாங்கள் முதலில் பார்ப்பது ‘சர்வர் தயார்’ என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை போதவே போதாது. விடை முன்கூட்டியே தெரிந்த சில கேள்விகளைக் கேட்க வேண்டும். குறிப்பிட்ட ஏஎஸ் எண்ணுக்கு இத்தனை ரூட் பதிவுகள் என்று எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். அது சரியாக வந்த பிறகே, கேள்விகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் அந்த சர்வருக்குக் கேள்விகளை அனுப்பலாம். ஒரு நேரத்தில் ஒரு சர்வர் மட்டும். கழற்றும்போதும் அவசரம் கூடாது: சாதாரணக் கேள்விகள் நொடியில் முடியும், ஆனால் தரவுத்தளத்தின் நகலை வெளியே வைத்திருக்கும் மிரர் சர்வர்கள் ஒரே இணைப்பை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் திடீரென வெட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்து, மிச்சமிருக்கும் சர்வர்களை மூச்சுத் திணற வைக்கும்.

அதற்கும் முன்னால் சோதனைக் களம். மெய்த் தரவின் நகலில் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் போன்ற தனிநபர் விவரங்களை மட்டும் போலியாக மாற்றி, புதிய பதிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். இரண்டு வாரமாவது அவகாசம் தேவை என்பது எங்கள் கருத்து. உள்ளே இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. ஒரு முழு நாளின் கேள்விப் பதிவை எடுத்துப் பழைய பதிப்பிடமும் புதிய பதிப்பிடமும் கேட்டு, விடைகளை பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். காலியான வரி ஒன்று கூடுதலாக வந்திருக்கும், வரிசை மாறியிருக்கும், பிழைச் செய்தியில் ஒரு சொல் திருத்தப்பட்டிருக்கும். எழுதியவருக்கு அது அழகுபடுத்தல். அந்தச் சொல்லைத் தேடும் ஸ்கிரிப்டுக்கு அது முறிவு.

தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றுவது இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு சர்வராக மாற்றும் இடைவேளையில் பழைய மென்பொருளும் புதியதும் ஒரே அட்டவணையில் எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே புதிய நெடுவரிசையை முதலில் காலியாக அனுமதிக்கும் வகையில் சேர்க்க வேண்டும். பிறகு பழைய வரிசைகளைச் சில ஆயிரம் சில ஆயிரமாக, இடையில் நிறுத்தி நிறுத்தி நிரப்ப வேண்டும். ஒரே மூச்சில் செய்தால் அட்டவணை பூட்டிக்கொள்ளும், நகல் சர்வர்கள் பின்தங்கும். யாரும் பழையதைப் படிக்கவில்லை என்று உறுதியான பிறகே, வேறொரு வெளியீட்டில், அதை நீக்கலாம். இந்தப் பதிவுகளை எழுதும் ஆர்பிஎஸ்எல் மொழியை வரையறுத்த 1999-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2622-இல் பதிவை யார், எப்போது மாற்றினார் என்று சொல்லும் ‘சேஞ்ச்டு’ என்ற புலம் கட்டாயம். ரைப் தரவுத்தளம் அதை ஒரே நாளில் வெட்டி எறியவில்லை. முதலில் கட்டாயம் நீங்கியது. பிந்தைய கட்டத்தில்தான் புலமே போனது. எல்லோரும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி அது.

திருப்பி எடுப்பதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. பிழை வந்தால் பழைய பதிப்பைப் போட்டுவிடலாம் என்கிறார்கள். மென்பொருளைத் திருப்பலாம், இடைப்பட்ட நேரத்தில் உள்ளே வந்துவிட்ட தரவை எப்படித் திருப்புவது? புதிய விதியின்படி ஏற்ற பதிவில் பழைய மென்பொருளுக்குப் புரியாத புலம் இருந்தால் அது தடுமாறும். பேக்கப்பை மீட்டாலோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடப்படும் தொடர் எண் பின்னோக்கிப் போகும். ‘இந்த எண்வரை பெற்றுவிட்டோம்’ என்று நினைக்கும் மிரர்கள், அதே எண்ணில் வரும் வேறு மாற்றத்தைப் பார்க்காமலே விட்டுவிடும். அப்படி மீட்க நேர்ந்தால் எல்லா மிரர்களையும் முழு நகலிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்ல வேண்டும். வேறு வழியில்லை.

விதிகளை இறுக்கும்போது சாதாரணப் பயனாளர் நேரடியாக அடிபடுகிறார். பல பதிவுகள் அந்தந்தக் கால விதிப்படி சரியாகப் பதியப்பட்டவை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் முழுப் பதிவும் இன்றைய விதிப்படி சரிபார்க்கப்படுகிறது. தொலைபேசி எண்ணை மாற்ற வருபவர், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய வேறொரு வரிக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறார். இதைத் தவிர்க்கப் புதிய சரிபார்ப்பை முன்கூட்டியே முழுத் தரவுத்தளத்தின் மீதும் ஓட்டி, எத்தனை பதிவுகள் தேறவில்லை என்று எண்ணி, பொறுப்பாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவகமே மொத்தமாகத் திருத்துவதானால் அறிவிப்பு மின்னஞ்சலை அந்த வேலைக்கு மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே இரவில் லட்சக்கணக்கில் கடிதம் பறந்து, பதிவகத்தின் மின்னஞ்சல் சர்வரே ஸ்பேம் பட்டியலில் சேரும். ஒவ்வொரு திருத்தமும் ஒரு தொடர் எண்ணைத் தின்னும் என்பதால் அதைப் பல நாட்களுக்குப் பிரித்துச் செய்வதே மிரர்களுக்கும் நல்லது.

எந்த நாளில் ஏற்றுவது? வெள்ளிக்கிழமை இரவு வேண்டவே வேண்டாம். வாரத் தொடக்கத்தில், எழுதியவர்களும் இயக்குபவர்களும் இருக்கையில் இருக்கும் காலை நேரமே பாதுகாப்பானது.

நெட்வொர்க் நடத்துபவர்களுக்கும் கடமை உண்டு. வெற்றுப் பதிலைத் தோல்வியாகக் கருதி, கடைசியாகச் சரியாக இருந்த பட்டியலையே வைத்திருங்கள். புதிய பட்டியல் பழையதைவிட, சான்றாக, 10 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் தானாக ஏற்றாமல் ஒரு மனிதரிடம் கேட்கும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள். வரி எண்ணை நம்பிப் படிக்காதீர்கள், புலத்தின் பெயரைப் பார்த்துப் படியுங்கள். இடைவெளியிலோ கூட்டல் குறியிலோ தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சோதனைக் களம் திறந்த அன்றே உங்கள் ஸ்கிரிப்டை அங்கே ஒரு முறை ஓட்டிப் பார்த்து, மாறிய வரியைப் பதிவகத்துக்கு எழுதுங்கள். பதிவகங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: வெளியீட்டு அறிவிப்பில் ‘சில பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்று முடித்துவிடாமல், எந்தக் கேள்விக்கு முன்பு என்ன விடை வந்தது, இனி என்ன விடை வரும் என்று இரண்டையும் அருகருகே அச்சிட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
முகவரிப் பதிவகத் தரவுத்தளப் பராமரிப்பில் உள்ளவர்கள்