பாம்பு வாங்கும் முன் குட்டிகளுக்கு இடம் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுச் செல்லப் பிராணிகளை வளர்ப்போர் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பாம்பு என்றாலே கம்பைத் தேடும் நம் ஊரில், பாம்பை அன்புடன் பேணுவோரும் இருக்கிறார்கள் என்று மரியாதையாக எழுதியதற்கு நன்றி. ஆனால், ஓர் ஆணும் நான்கு பெண்ணுமாகப் பால் பைத்தான் என்னும் மலைப்பாம்புகளை வாங்கி இணை சேர்த்தால் இரண்டே ஆண்டுகளில் போட்ட முதல் திரும்பிவிடும் என்ற பொருளில் அக்கட்டுரையில் வந்த வரிகளை நம்பிப் பலர் இறங்கிவிடுவார்களே என்ற கவலையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்த வழியில் நானும் என் கணவரும் ஏற்கெனவே நடந்து பார்த்தவர்கள்.

அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அஞ்சும்போது தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால், பந்தைக் குறிக்கும் 'பால்' (ball) என்ற ஆங்கிலச் சொல் பால் பைத்தானின் பெயரில் வந்தது. குடிக்கும் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கானா, டோகோ, பெனின் முதலிய ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த, நஞ்சில்லாத, பெரும்பாலும் நான்கைந்து அடிக்கு மேல் வளராத சிறிய மலைப்பாம்பு இது. நம் அழகர்மலையிலும் சிறுமலையிலும் வாழும் மலைப்பாம்பு வேறு இனம். அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதைப் பிடித்து வீட்டில் வைப்பதே குற்றம்.

இரண்டு ஆண்டு என்ற கணக்கே முதலில் பொருந்தாது. ஆண் ஒன்றரை வயதுக்குள், 600, 700 கிராம் எடையிலேயே இணை சேரத் தயாராகிவிடலாம். பெண்ணுக்கோ குறைந்தது மூன்று வயதும் 1,500 கிராம் எடையும் ஆக வேண்டும். கருவுற்ற பெண் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள், இரை எடுக்காமல் கிடக்கும். முட்டையிட்டு முடிக்கும்போது முதுகெலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கும். உடம்பு தேறாத பெண்ணை மறு ஆண்டே இணை சேர்ப்பது கொடுமை. ஆகவே, குட்டியாக வாங்கி வளர்ப்பவர் முதல் முட்டையைக் காண நான்கு ஆண்டுகள் ஆனாலும் வியப்பில்லை. வளர்ந்த பெண்ணாக வாங்கினால் காலம் மிச்சம் என்பார்கள்; ஆனால் அதை ஏன் விற்கிறார்கள், எத்தனை முறை முட்டையிட்டது, என்ன நோய் கண்டது என்பதெல்லாம் விற்பவர் வாய்ச்சொல்லாகவே நமக்குக் கிடைக்கும்.

வாய்ச்சொல்லை நம்பி ஏமாந்த கதை எங்களுடையது. 2019இல் வெண்மையும் மஞ்சளும் கலந்த ஓர் அல்பினோ ஆணையும், 'அல்பினோ ஹெட்' என்று சொல்லப்பட்ட, பார்வைக்குச் சாதாரணமான ஒரு பெண் குட்டியையும் வெவ்வேறு ஆட்களிடம் வாங்கினோம். ஹெட் என்றால் அல்பினோ மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் உள்ளே சுமந்துகொண்டு, வெளியே அதைக் காட்டாத பாம்பு. பெண்ணை விற்றவரிடம் தாய் தந்தையைப் பற்றிய குறிப்போ படமோ எதுவுமில்லை. நாங்களும் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டோம். கொண்டுவந்த அன்றே அதை ஆண் இருந்த அறையிலேயே வைத்தது அடுத்த பிழை. இருபது நாளில் இரண்டின் கண்ணோரத்திலும் செதில் இடுக்கிலும் மிளகுத்தூள் தூவியதுபோல் உண்ணிகள் ஏறிவிட்டன; பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து அவற்றை ஒழிக்க நான்கு மாதங்கள் ஆயின. புதிதாக வரும் பாம்பைத் தனி அறையில், தனிப் பாத்திரங்களோடு மூன்று மாதமாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றோம். உண்ணியாவது கண்ணுக்குத் தெரிகிறது. மூச்சுறுப்பைத் தாக்கும் நிடோவைரஸ் போன்றவை தெரியாமல் வந்து, ஒரு குழுவையே அழித்துவிடக் கூடியவை.

மூன்றரை ஆண்டுகள் அந்தப் பெண்ணை வளர்த்து, கார்த்திகை, மார்கழிக் குளிரில் இணை சேர்த்தோம். 2023 ஏப்ரலில் ஆறு முட்டைகள் இட்டது. ஒன்று கூமுட்டை, ஐந்து பொரித்தன. ஐந்தும் சாதாரண நிறம். உண்மையான ஹெட் பெண்ணாக இருந்திருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் அல்பினோவாகப் பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஐந்தில் ஒன்றுகூட அல்பினோவாக இல்லாமல் போவதற்கு 32இல் ஒரு பங்கே வாய்ப்பு. எங்களுக்குச் சொன்னது பெரும்பாலும் பொய் என்பது அப்போது விளங்கியது. அந்த ஐந்து குட்டிகள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவற்றைப் பொறுப்புடன் வளர்ப்பார் என்று நாங்கள் நம்பும் ஒருவர் கிடைக்காததால் இன்றும் ஐந்தும் எங்களிடமே, ஆளுக்கொரு பெட்டியில் வளர்கின்றன.

அக்கட்டுரை தொடாமல் விட்டது இதைத்தான். நான்கு பெண்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு முட்டை என்றால் ஓர் ஆண்டில் இருபத்து நான்கு குட்டிகள். அவை ஒன்றாக வைக்கக் கூடாதவை. தனித்தனிப் பெட்டி, தனித்தனி வெப்பம், வாரம் ஓர் இரை எலி. ஆயுளோ இருபது, முப்பது ஆண்டுகள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான், பல ஆண்டுகளாக ஆணின் துணையே இல்லாமல், 2020இல் ஏழு முட்டைகள் இட்டது. இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளை வாங்கும் பாம்பு, அவர் பேரப்பிள்ளை எடுக்கும் காலத்திலும் இரை கேட்டுக்கொண்டிருக்கலாம். வளர்க்க முடியாமல் வைகைக் கரையிலோ மலையடிவாரத்திலோ விட்டுவிடலாம் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. அது அந்த உயிருக்கும் கேடு, அதன் நோய்கள் நம் காட்டுப் பாம்புகளுக்கும் கேடு.

எனவே, முதன்முதலில் தொடங்குபவருக்கு ஓர் ஆண், இரண்டு பெண் போதும் என்பது என் உறுதியான கருத்து. அல்பினோ, பைபால்டு (வெள்ளைத் திட்டுகள் உள்ள வகை) போன்ற ஒடுங்கு பண்பை, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளியே தெரியும் பண்பை, விரும்பினால், அந்த நிறம் வெளியே தெரியும் ஆணையும், பெற்றோர் குறிப்பும் படமும் உள்ள ஹெட் பெண்ணையும் தேர்ந்தெடுக்கலாம். இருபுறமும் ஹெட் என்றால் நான்கில் ஒன்று என்ற கணக்கு அழகாகத் தெரியும். ஆனால் ஆறு முட்டையில் அந்த நிறம் ஒன்றுகூட வராமல் போக ஏறத்தாழ 18 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. சாதாரணமாகப் பிறக்கும் குட்டிகளில் எது ஹெட், எது இல்லை என்று பார்வையால் சொல்லவும் முடியாது. 'ஸ்பைடர்' என்ற மார்ஃபை, அதாவது நிறக்கோல வகையை, தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அந்தக் கோலத்தைத் தரும் மரபணுவே உட்காதின் அமைப்பைக் கெடுப்பதால் தலை நடுங்கும். சில பாம்புகள் திசை தடுமாறி மல்லாந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிறத்துக்காக அப்படி ஓர் உயிரைப் பிறப்பிக்க நமக்கு உரிமை இல்லை என்றே கருதுகிறேன்.

மதுரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மார்கழியில் இணை சேர்த்தால் முட்டை சித்திரையில் வரும். 31, 32 பாகை வெப்பத்தில் 55 முதல் 60 நாள் அடை வைக்க வேண்டும். அதாவது கத்திரி வெயில் முழுவதும் முட்டை இன்குபேட்டரில் இருக்கும். நாங்கள் வைத்திருந்தது போன்ற எளிய இன்குபேட்டருக்குச் சூடேற்றத் தெரியுமே தவிர, 38 பாகை கொதிக்கும் மாடி அறையைக் குளிர்விக்கத் தெரியாது. குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளில் இந்தக் கவலையே இருப்பதில்லை. நாங்கள் அந்த இரண்டு மாதமும் குளிர்சாதனம் உள்ள எங்கள் படுக்கையறையிலேயே முட்டைகளை வைத்து, மின்தடை வந்தபோதெல்லாம் இரவு பகலாக வெப்பமானியின் அருகில் அமர்ந்திருந்தோம். இன்வெர்ட்டரும், வெப்பத்தைச் சீராக வைக்கும் நம்பகமான தெர்மோஸ்டாட்டும் பாம்பு வாங்கும் முன் வாங்க வேண்டியவை. பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் அருகில் யார் என்பதையும் அப்போதே விசாரித்து வைப்பது நல்லது.

சட்டத்தைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் உள்ளது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை இத்தகைய உயிர்களுக்கானது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பவர் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகப் பெறுபவருக்கு முப்பது நாள் அவகாசம். குட்டி பிறந்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். எங்கள் ஏழு பாம்புகளையும் அவ்வாறு பதிந்திருக்கிறோம். விற்பவர் தம் பதிவைக் காட்டத் தயங்கினால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளுக்குள் 45 பால் பைத்தான்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்ததைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காகிதம் கேட்காமல் வாங்கும் ஒவ்வொருவரும் அப்படிப்பட்ட பெட்டிக்குப் பணம் கொடுப்பவராக ஆகிவிடக் கூடும்.

அந்தப் பதிவுப் படிவங்களை நிரப்ப எனக்கே இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. மதுரை வனத்துறையினர் மாதம் ஒரு நாளாவது, பாம்பு, ஆமை, கிளி என்று வெளிநாட்டு உயிர்களை வளர்ப்போரை அழைத்து, தமிழில் விளக்கிப் பதிவு செய்து தருவார்களேயானால் அஞ்சி ஒதுங்கியிருக்கும் பலர் முன்வருவார்கள். இக்கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியே அவர்கள் முன் வைக்கிறேன். அடுத்த முறை இப்பொருள் பற்றி எழுதும்போது, விலைப் பட்டியலோடு பதிவு முறையையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருநகர், மதுரை – 6.