ஜவ்வாது மலையில் பைக் பாதை

ஆசிரியருக்கு,

ஜவ்வாது மலையில் சாகச பைக் பாதை அமைக்க, புதிதாக மண் வெட்டவே வேண்டாம். ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர் சாலையோடு ஊராட்சி மண் சாலைகளைக் கோத்தால் போதும். வனத்துறையின் காப்புக்காட்டுத் துண்டுகளை வரைபடத்தில் ஏற்றும் முன்பே நீக்கிவிட வேண்டும். ஒருவர் அத்துமீறினாலும் மொத்தப் பாதைக்கும் பூட்டு விழும்.

மழை ஓய்ந்ததும் ஈர மண்ணில் பைக் விடக் கூடாது. சக்கரத் தடத்தில் நீர் ஓடி வாய்க்காலாகிவிடும். பிறகு அதில் சிக்குவது சாமை ஏற்றி வரும் டிராக்டர்தான். ஊர்க்காரர்கள் கோபப்படுவது இதனால்தான், அது நியாயமும்கூட.

ட்யூப் டயரில் காற்றைச் சரளைக்கு 24 பிஎஸ்ஐ வரை குறைக்கலாம். மிகவும் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். ஜமுனாமரத்தூர் இளைஞர்களுக்கு பஞ்சர் கிட், ஏர் கம்ப்ரசர் வாங்கக் கடன் தரலாம்.

வெளிச்சம் தொலைநோக்கி ஆய்வைக் கெடுக்கும் என்பதால், காவலூர் வானாய்வகப் பகுதியை இருட்டும் முன் கடக்க வேண்டும். அங்கே கூடுதல் எல்இடி விளக்கே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வாணியம்பாடி