வாடகை குறைந்து வந்த கணக்கு

கோயம்புத்தூர்
12.10.2025

கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் முழுசாகக் கேட்டோம். உன் சரவணம்பட்டி ஃப்ளாட்டில் குடியிருப்பவர் மூன்று மாதமாக வாடகையைக் குறைத்துப் போடுகிறார், 22,464 ரூபாயை அமுக்கிவிட்டார், அசோசியேஷனில் சொல்லித் தண்ணீர் வால்வை மூடினால் தானாக வழிக்கு வருவார் என்கிறாய். மூட மாட்டேன். காரணத்தைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். தமிழ் தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணியவள் நான், கையெழுத்தை விட இது வேகம்.

முதலில் அந்தக் கணக்கு. மாத வாடகை 24,000. ஜூலை முதல் உனக்கு வருவது 16,512. விடுபடுவது மாதம் 7,488. கூட்டுறவு வங்கிக் கவுன்டரில் காலம் தள்ளினவளுக்கு இந்தத் தொகையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. ஏமாற்றுகிறவன் நாலாயிரம், அஞ்சாயிரம் என்று முழுசாகத்தான் குறைப்பான். 7,488 என்று கிள்ளி எடுக்க மாட்டான். 24,000-க்கு 31.2 சதவீதம் போட்டுப் பார். 30 சதவீத வரி, அந்த வரிக்கு மேல் 4 சதவீத செஸ். குடியிருக்கிற அந்தத் தம்பி உன் வாடகையில் டிடிஎஸ் பிடித்திருக்கிறார், அதாவது வரியை முன்கூட்டியே கழித்து உன் பெயரில் அரசுக்குக் கட்டியிருக்கிறார்.

நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போனேன். வீட்டுக்காரம்மா திடீரென்று வந்து நின்றால் யாருக்கும் முகம் சுருங்கும். சட்டமும் 24 மணி நேரம் முன்னாலேயே தெரியப்படுத்தச் சொல்கிறது. போனதும் அங்கே குடியிருக்கிற பொண்ணு காபி கலக்கப் போனாள். நானும் சமையலறைக்குள் போனேன். சிங்குக்குக் கீழே இருக்கிற கப்போர்டு கதவு சாத்தவே வரவில்லை. குனிந்து பார்த்தால் பைப் இணைப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், பலகை ஊறிப் பொரி மாதிரி உப்பிக் கிடக்கிறது. அடியில் ஒரு பெயின்ட் வாளி வைத்திருக்கிறாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எடுத்து ஊற்றுகிறாளாம். "சாருக்கு ஜூன்லயே வீடியோ அனுப்பினேங்கம்மா" என்றாள். உனக்கு வந்ததா? வந்திருந்தால் பதில் போட்டாயா?

டிடிஎஸ் விஷயத்தை அந்தத் தம்பியே எடுத்தார். கம்பெனியில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்டிருக்கிறார். வாடகை வருஷத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள், நெதர்லாந்து என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், ஆடிட்டர் பிடித்துக்கொண்டார். உள்ளூரில் இருக்கிற வீட்டுக்காரருக்கு மாசம் 24,000 கொடுத்தால் குடியிருப்பவர் ஒன்றும் பிடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த விலக்குக் கிடையாது, எவ்வளவு சின்ன வாடகையானாலும் பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்காமல் விட்டால் வரியும் வட்டியும் அவர் தலையில் விழும். ஒரு வாடகை வீட்டுக்காக அந்தத் தம்பி வரி பிடிக்கிறவர்களுக்கென்று இருக்கிற டான் எண்ணைத் தனியாக வாங்கி, மாதாமாதம் சலான் கட்டியிருக்கிறார். மூன்று சலானையும் போனில் காட்டினார். தேதி, தொகை, உன் பான் எண் எல்லாம் சரியாக இருக்கின்றன. படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தில் ஒன்றுமே இல்லையே என்கிறாய். இருக்காது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு அவர் கணக்குத் தாக்கல் செய்ய அக்டோபர் 31 வரை கெடு இருக்கிறது. அதைத் தாக்கல் செய்த பிறகுதான் உன் பக்கம் தெரியும். நவம்பர் நடுவில் திறந்து பார், அப்போதும் இல்லையென்றால் நானே போய்க் கேட்கிறேன். முன்கூட்டி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிடித்திருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் காட்டினார். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறாய்.

இந்தப் பணம் எங்கேயும் போகாது. வருஷ வாடகை 2,88,000. நீ கட்டும் சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் மராமத்துக்கென்று சட்டமே தருகிற 30 சதவீதத்தையும் கழித்தால் 2 லட்சத்துக்குள் நிற்கும். உன் எஃப்டி வட்டியைச் சேர்த்தாலும் இந்த வருஷத்துப் புதிய வருமான வரி முறையில் வரியே இல்லாத 4 லட்சம் வரம்பைத் தாண்டாது. மார்ச் வரை பிடிப்பது 67,392. அடுத்த ஜூலைக்குள் ரிட்டர்ன் போட்டால் அத்தனையும் திரும்பி வரும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் படிவம் 13 போட்டுக் குறைந்த விகிதத்துக்குச் சான்றிதழ் கேட்கலாம். அது கைக்கு வந்ததும் அந்தத் தம்பியிடம் கொடுத்தால் அதில் போட்டிருக்கிறபடிதான் பிடிப்பார். நம் ஆடிட்டரிடம் பேசிவிட்டேன். உன் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் வேலை சுலபம் என்றார். நெதர்லாந்தில் இதை எப்படிக் காட்ட வேண்டும் என்பதை அங்கே இருக்கிற கணக்கரிடம் கேட்டுக்கொள்.

இன்னொன்றுக்கு நான் உன்னைத் திட்டத்தான் வேண்டும். வாடகை இன்னமும் உன் பழைய சேவிங்ஸ் கணக்கிலேயே விழுகிறது. வேலைக்கென்று வெளிநாடு போய்க் குடியேறினவன் சாதாரண சேவிங்ஸ் கணக்கு வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். வங்கிக்காரி பெற்ற பிள்ளைக்கு இதைக் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது பார். மாற்றும்போது உள்ளூர்ச் செலவுகளுக்கு எனக்கு அதிகாரம் கொடுத்துவிடு. அப்படிச் செய்தால் பிளம்பருக்குக் காசு கொடுக்க உன்னை நடுராத்திரியில் எழுப்ப வேண்டியிருக்காது. இந்த அரையாண்டுச் சொத்து வரியை இந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதை மட்டும் இன்றைக்கே கட்டிவிடு.

இப்போது வால்வு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகை பாக்கியே இருந்தாலும் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்துகிற உரிமை வீட்டுக்காரருக்குக் கிடையாது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி முன்னால் கைகட்டி நிற்பது நான், நீ நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருப்பாய். நிஜமாகவே பாக்கி வைக்கிறவர் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. இரண்டு மாத பாக்கி சேர்ந்ததும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றம் போகலாம். அந்த வழியில் போகவும் கையில் காகிதம் வேண்டும். நம்மிடம் இருப்பது என்ன? புரோக்கர் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொடுத்த பதினோரு மாத ஒப்பந்தம். அது முடிந்தே ஒரு வருஷம் ஆகப்போகிறது. பதினோரு மாதம் என்று போட்டால் பதிய வேண்டாம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இப்போது எத்தனை மாதமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்து, பதிவு எண் வாங்க வேண்டும். அதையும் இணையத்திலேயே செய்யலாம், நான் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டேன்.

நான் செய்ய வேண்டுமென்றால் நீ பவர் கொடுக்க வேண்டும். பொதுப் பவர் வேண்டாம். வீட்டை விற்கிற அதிகாரம் எனக்கு எதற்கு? பெற்ற தாயாகவே இருந்தாலும் தேவைக்கு மேல் எழுதிக்கொடுக்காதே. வாடகை ஒப்பந்தம் போட, வாடகை வாங்க, பழுது பார்க்க, வாடகை அதிகாரி முன்பு ஆஜராக என்று நான்கை மட்டும் எழுதி, ஹேக் நகரத்தில் இருக்கிற இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போடு. இல்லையென்றால் அங்கேயே நோட்டரியிடம் போட்டு, அந்தப் பத்திரம் இங்கே செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கு. மூலப்பத்திரத்தைக் கூரியரில் அனுப்பு, ஸ்கேன் காப்பி செல்லாது. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வாங்கி அனுப்பிய வைஃபை கேமரா பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. அதை ஃப்ளாட் வாசலில் மாட்டி, யார் வருகிறார், யார் போகிறார் என்று அங்கிருந்தே போனில் பார்க்கப் போகிறாயாம். வீடு உன்னுடையது, ஆனால் அதற்குள் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தப் பொண்ணு நைட்டியோடு பால் பாக்கெட் எடுக்க வெளியே வருவதை ஐந்தோவனில் உட்கார்ந்து நீ பார்ப்பதா? மாடிப்படியில் அசோசியேஷன் கேமரா இருக்கிறது, அது போதும்.

அடுத்து கம்ப்யூட்டர். பேங்க், ஈபி, மாநகராட்சி, வருமான வரி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் வரிசையாக அனுப்பியிருந்தாய். ஈபி, மாநகராட்சி இரண்டை மட்டும் என் நோட்டில் எழுதிக்கொண்டு செய்தியை அழித்துவிட்டேன், உன் பக்கமும் அழி. பேங்க் பாஸ்வேர்டும் ஓடிபியும் எனக்கு வேண்டாம். உன் இந்திய சிம்மை ரீசார்ஜ் பண்ணி நீயே உயிரோடு வைத்துக்கொள், ஓடிபி உன் கைக்கே வரட்டும். என் லேப்டாப்பை அங்கிருந்து எப்போது வேண்டுமானாலும் திறக்கிற மாதிரி ஏதோ போடச் சொன்னாய். நாம் இருவரும் லைனில் இருக்கும்போது திறக்கலாம், பேசி முடித்ததும் மூடிவிடுவேன். எப்போதும் திறந்து கிடக்கிற கதவு எனக்குப் பழக்கமில்லை.

போன மாசம் "இன்றிரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்த எண்ணுக்கு யார் கூப்பிடுவார்? மின்வாரியத் தளத்தில் நம் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், பாக்கி பூஜ்யம். இதை விட வேடிக்கை, இந்தத் தம்பி குடிவருவதற்கு முன் நாம் டூலெட் விளம்பரம் போட்டிருந்தபோது நடந்தது. ராணுவ அதிகாரி, கோவைக்கு மாற்றலாகிறது என்று இந்தியில் ஒருவர் பேசினார். வீட்டைப் பார்க்கவே வேண்டாம், அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பின் எண்ணைப் போடுங்கள் என்றார். பணம் வாங்குகிறதற்கு எதற்கய்யா பின் என்று கேட்டதும் லைன் கட். வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நீ அடுத்த முறை விளம்பரம் போடும்போது உன் நெதர்லாந்து எண்ணைப் போட்டுவிடாதே. தூரத்தில் இருக்கிற வீட்டுக்காரர் என்று தெரிந்தால் இன்னும் நாலு பேர் கிளம்புவார்கள்.

ரசீது, சலான், வரி கட்டிய சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, தேதியை முதலில் வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறேன், 2025-07 வாடகை, 2025-08 வாடகை என்று. தானாக வரிசையில் நிற்கிறது. ஒரு காப்பி பென் டிரைவில் பீரோவுக்குள், ஒரு காப்பி உன் டிரைவில். வீட்டின் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துப் புது ஒப்பந்தத்தோடு சேர்க்கப் போகிறேன். காலி பண்ணும்போது இந்த ஆணி யார் அடித்தது என்ற சண்டை வரக் கூடாது.

சிங்க் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். டேப் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை இதெல்லாம் குடியிருப்பவர் செலவு. பைப் மாற்றுவது, ஒயரிங், வெள்ளையடிப்பது நம் செலவு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் சட்டத்தின் அட்டவணை இப்படித்தான் பிரிக்கிறது. இது பைப், அதனால் நம் செலவுதான். வெள்ளிக்கிழமை பிளம்பர் வந்து மாற்றிவிட்டார், 1,850 ரூபாய். கப்போர்டு கதவுக்குக் கார்பென்டர் 3,200 கேட்கிறார், நான் 2,800 சொல்லியிருக்கிறேன். பலகை வேண்டாம், பிவிசியில் போடச் சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போட்டுவிடு. அதற்கு முன்னால் அந்தத் தம்பிக்கு ஒரு போன் பண்ணு. நம் நேரம் ராத்திரி எட்டுக்கு மேல் வீட்டில் இருப்பார். கட்டைவிரல் அனுப்பாதே, பேசு.

அம்மா