ஏலம் போன வீடுகள் எத்தனை?

ஆசிரியருக்கு,

வங்கிகளின் வாராக்கடன் வசூல் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். கடனைக் கட்டாதவரின் அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலேயே வங்கி கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் எத்தனை வழக்குகள், எத்தனை கோடி வசூல் என்பதை ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஆனால் அந்த எண்ணிக்கையில் ஆலையும் கடையும் குடியிருக்கும் வீடும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. வீட்டை இழந்த குடும்பங்கள் எத்தனை என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. நாளிதழ் அறிவிப்புகளைக் கொண்டு கணக்கிடலாம் என்றால் அதுவும் பொய்க்கணக்காகிவிடும். எங்கள் தெருவில் ஒரே வீட்டுக்கு அறுபது நாள் கெடு அறிவிப்பு, சுவாதீன (கைப்பற்றல்) அறிவிப்பு, ஏல அறிவிப்பு என மூன்று முறை விளம்பரம் வந்தது. சுவாதீன அறிவிப்பை வாசற்கதவிலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். நகைகளை விற்று நிலுவையைக் கட்டிய அந்தக் குடும்பம் இன்றும் அங்கேதான் குடியிருக்கிறது. விளம்பரங்களை எண்ணுபவருக்கு அது மூன்று வீடு. உண்மையில் ஒன்றுகூட இல்லை.

காகிதத்தில் எடுக்கும் சுவாதீனமும், மாவட்ட ஆட்சியரின் உத்தரவு பெற்றுப் பூட்டுப் போடுவதும் ஒன்றல்ல. கைப்பற்றிய சொத்துகளின் பட்டியலைக் கடன் கொடுத்த ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே உத்தரவிட்டது. சிதறிக் கிடக்கும் அந்தப் பட்டியல்களைத் தொகுத்து, குடியிருப்பு வீடுகளைத் தனியே பிரித்து, கெடு, சுவாதீனம், ஏலம், மீட்பு என்ற நிலைவாரியாக, மாவட்ட அளவில் காலாண்டுக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கி வெளியிட வேண்டும். கடன்தாரர்களின் பெயர்கள் அதில் தேவையில்லை.

– வாசகர், மதுரை