உக்கிராணத்து அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

சபையாருக்கும், வள்ளத்தோடு வந்தவர்களுக்கும், அவசரத்தில் பேர் கேட்க மறந்துபோனவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வீட்டுச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு இன்னும் போகவில்லை. 2023 டிசம்பர் 17 ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போன நாங்கள் மறுநாள் விடியுமுன்னே பாய் தலையணையோடு திரும்ப ஆலயத்துக்குள் வந்து உட்கார்ந்த கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு பேப்பரில் படித்தபோது, இதற்குப் போய் ஒரு எண் இருக்கிறதா என்றுதான் தோன்றியது. அதை விடுங்கள். நான் நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு வந்த அண்ணன்மார், பாலும் பிரெட்டும் தலைச்சுமையாகக் கொண்டுவந்த ஜமாஅத் பையன்கள், சேறு அள்ள வந்த கல்லூரிப் பிள்ளைகள், விறகு நனைந்துவிட்டது என்றதும் பழைய பெஞ்சை உடைக்க முதல் அரிவாளைத் தானே போட்ட எங்கள் சபைப் போதகர் ஐயர், எல்லாருக்கும் என் கும்பிடு. உங்களைச் சேர்த்து ஒரே வரியில் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். எனக்கு ஒரு செம்புக் கஞ்சியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் ஆலய விருந்துக்கு, சாமான் வைக்கும் உக்கிராண அறையில் உட்கார்ந்து அளந்து போடுகிற அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் உண்டா? பேர் போட்டால் சண்டைக்கு வருவார், போடவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர்தான் அளக்கிறார். எந்தக் கமிட்டியிலும் இல்லை. மைக் பக்கம் வந்ததே இல்லை. அந்த ஞாயிறு சாயந்திரம் மழை வலுத்தபோது மற்றவர்கள் கிறிஸ்மஸ் ஸ்டார் நனைகிறதே என்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அறையைத் திறந்து, பெண்கள் சங்கம் சேர்த்து வைத்திருந்த கைப்பிடி அரிசி மூட்டைகளைத் தனியாளாகப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்த அரிசி, மாசக் கடைசியில் ஏலத்துக்குப் போக வேண்டியது. (மிசோரம் சபைகளில் இந்த வழக்கம் 1910 முதல் உண்டு, அந்த அரிசியைக் கொண்டே ஊழியங்களைத் தாங்குகிறார்கள் என்று ஒரு மிஷனரிக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது காதில் விழுந்ததோடு சரி.) சோறாக வடித்தால் கிலோவுக்கு எட்டுப் பேர், கஞ்சியாகக் காய்ச்சினால் அதில் இரண்டு பங்கு, ரோடு திறக்க மூன்று நாளாவது ஆகும், ஆகவே கஞ்சி என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி.

என் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, உப்பு ஆகாது. இருநூறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் எழுந்து போய், எங்கள் வீட்டுக்கு மட்டும் தனியாக என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்காமல் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு சின்னப் பையன் வாழை இலைத் துண்டு போட்டு மூடிய செம்போடு வந்தான்.

"தாத்தா குடுக்கச் சொன்னாவ. இது ஆச்சிக்கு மட்டுந்தானாம். நீங்க குடிக்கப்புடாதாம்."

அண்டாவில் உப்பு விழுமுன் எடுத்த கஞ்சி. அந்த மூன்று நாளும் ஒவ்வொரு வேளையும் அந்தச் செம்பு வந்தது. ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அறை வாசலில் போய் நின்று, எப்படி அண்ணாச்சி உங்களுக்குத் தெரியும் என்றேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அளந்துகொண்டிருந்தவர் அதை எடுத்துவிட்டுச் சொன்னார்: "போன அசனத்துல உப்பில்லாச் சோறு கேட்டு வந்தேல்லா? அப்பமே ஒங்க அம்மை நம்ம கணக்குல ஏறிட்டா."

நான் கேட்டது எனக்கே மறந்துபோயிருந்தது.

இருபது வருஷமாகப் பாடகர் குழுவில் பாடுகிறேன். தாலந்துப் போட்டி என்று வருஷா வருஷம் நடத்துகிறோம், பாட்டு, வசனம் ஒப்பித்தல், பேச்சு. படி அளக்க ஒரு போட்டி வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. அசனம் முடிந்து நன்றி வாசிப்பார்களே, அரிசி கொடுத்தவர், ஆடு கொடுத்தவர், பந்தல் போட்டவர் என்று, அதைக் கடைசி மூன்று வருஷம் வாசித்தது நான்தான். அளந்தவர் பேர் அந்தத் தாளில் இருந்ததில்லை, இல்லையே என்று நான் தேடியதும் இல்லை. கர்த்தருக்குக் கொடுப்பது என்றால் கொடுத்தவர், பாடியவர், பேசியவர் என்றே மனசில் பதிந்துவிட்டது போல.

பேதுருவின் முதலாம் நிருபத்தில், அவரவர் பெற்ற வரத்தைக் கொண்டு நல்ல உக்கிராணக்காரர்போல ஒருவருக்கொருவர் உதவச் சொல்லும் இடம் இருக்கிறதல்லவா, அதை எத்தனை முறை வாசித்திருப்பேன்! உக்கிராணக்காரர் என்றதும் லூக்கா சுவிசேஷத்து உவமையில் வரும் கள்ளக் கணக்குக்காரன் ஞாபகம்தான் முதலில் வரும். சரக்கு தன்னுடையது இல்லை, ஆனாலும் யாருக்கு எவ்வளவு வேண்டும், யாருக்கு எது ஆகாது என்று தெரிந்துவைத்துக்கொண்டு உள்ளறையில் இருக்கிற ஆள் என்று எனக்குப் புரிய ஒரு வெள்ளம் வர வேண்டியிருந்தது. கொஞ்சம் அதிக விலைதான்.

கிறிஸ்மஸ் ஆராதனைக்குக் கீபோர்டு இல்லை, அது எங்கள் வீட்டில் தண்ணீரோடு போனது. வெறும் தொண்டையில் பாடினோம், பாதிப் பேருக்குச் சளி. அண்ணாச்சி வழக்கம்போலக் கடைசி வரிசையில் தூணோரம் நின்றார். அம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரோ, தன் பின்னால் நிற்கும் யாரையோ கும்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் ஒன்று. இந்த வருஷ அசனத்துக்கு நன்றித் தாளை வேறு யாராவது வாசியுங்கள். எனக்கு உக்கிராணத்தில் வேலை இருக்கிறது, படி பிடிக்கப் பழகித் தரும்படி அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை, உள்ளே பாடக்கூடாதாம், கணக்கு தப்பிவிடுமாம்.